டொயோட்டா ஆல்டிஸ் காருக்குப் பழைய எஞ்சின்: மாட்டும் முன் என்ன செய்யணும்?

கேள்வி: 2003 ஆல்டிஸ், 1ஸீஸீ (1ZZ) எஞ்சின். சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சுக்கிற உரிமைச் சான்று) புதுப்பிச்சாச்சு, இப்போ எஞ்சின் எண்ணெய் குடிக்குது. ஜப்பான் ஹாஃப்கட் (பாதியா வெட்டி இறக்கின பழைய காரோட) எஞ்சின் ஒன்னு சின் மிங் ஒர்க்‌ஷாப் பக்கம் கிடைக்குது. அப்படியே மாட்டிடலாமா அண்ணே?

பதில் 1: மாட்டாதீங்க தம்பி. முதல்ல எண்ணெய் மூடியைத் திறந்து டார்ச் அடிங்க. தேன் நிறம்னா பரவாயில்லை. தார் மாதிரி கறுப்புக் கட்டி ஒட்டியிருந்தா வேண்டாம். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் எஞ்சினைச் சுத்துற கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, கையால் வலப்பக்கமா ரெண்டு சுற்று. இறுகினா ஸ்டார்ட்டரால முரட்டுத்தனமா சுத்தாதீங்க. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) 145 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்குள்ள 15க்கு மேல வித்தியாசம் வந்தாலோ திருப்பிக் கொடுங்க.

பதில் 2: ஒன்னு விட்டுட்டீங்க. 2005க்கு முந்தைய 1ஸீஸீயில் பிஸ்டனோட எண்ணெய் வடியும் துளைகள் சின்னது, கரி அடைச்சுக்கும். ரிங் ஒட்டிக்கிட்டு எண்ணெய் எரியும். அதே வருஷ எஞ்சின் வாங்கினா அதே தலைவலிதான். கம்ப்ரஷன் இதைக் காட்டாது.

பதில் 3: எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வ் கவர் கேஸ்கெட் மாத்திடுங்க. சீல் விலை கம்மிதான். அப்புறம் அதை மாத்தணும்னா கியர்பாக்ஸையே இறக்கணும். ஃபில்டரையும் மாத்தினா எஞ்சின் எண்ணெய் 3.7 லிட்டர் பிடிக்கும். பிளக் மாட்டாம, இஎஃப்ஐ (பெட்ரோல் பீச்சுற சிஸ்டம்) ஃபியூஸை எடுத்துட்டு, டேஷ்போர்டு எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால பத்துப் பத்து விநாடியா சுத்துங்க. எஞ்சின் நம்பர் மாறுறதால எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பதிவையும் மாத்தணும். வாங்கின ரசீதைத் தொலைச்சிடாதீங்க.