வந்த நாளா, பிறந்த நாளா? டோனாவூர், நெய்யூர் குழந்தைகள் இல்லம் பற்றி

கொல்லங்கோட்டுப் பேத்தி
நெய்யூர் ஆஸ்பத்திரி இழையில் ஒருவர், "டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் வராவிட்டால் எத்தனை பெண் குழந்தைகளுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டியிருப்பார்களோ" என்று எழுதியிருந்தார். தேவதாசியாகக் கோயிலுக்கு விடுவதைத்தான் பொட்டுக் கட்டுவது என்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை மீட்டுத் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் இல்லம் நடத்திய வெளிநாட்டு மிஷனரி அந்த அம்மையார். அங்கே சண்டை வேண்டாமென்று இங்கே வந்துவிட்டேன். காப்பாற்றினார்கள், சரி. ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஊரையும் பெற்றவளையும் எதற்காக மறைத்தார்கள்? டோனாவூரில் பிறந்தநாள் கிடையாது, இல்லத்துக்கு "வந்த நாள்"தான் கொண்டாட்டம். என் பாட்டியும் தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரிப் பக்கம், ஒரு மிஷன் இல்லத்தில் வளர்ந்தவர். அது டோனாவூர் இல்லை, பெயர் வேண்டாம். பள்ளிச் சான்றிதழில் அவருடைய பிறந்த தேதி என்று இருப்பது இல்லத்துக்கு வந்த தேதி. கடைசி வரைக்கும் "எனக்கு என்ன வயசுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததில்லை.

களக்காட்டான்
அக்கா, பிறந்த தேதியே தெரியாமல் வந்த பிள்ளைக்கு எந்தத் தேதியைக் கொண்டாடுவது? வந்த நாளில் ஒரு விருந்து வைத்ததைக் குற்றம் என்று சொன்னால் எப்படி?

இதன் தொடக்கத்தைப் பாருங்கள். 1901 மார்ச், பண்ணைவிளை. பெருங்குளம் கோயிலுக்கென்று விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி பிரீனா ஓடி வந்து அம்மையாரிடம் சேர்ந்தாள். அதற்கு முன்பே ஒருமுறை அம்மாவைத் தேடித் தூத்துக்குடி வரைக்கும் போனவள். பெற்றவளே திருப்பிக் கொண்டுபோய் விட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். ஊரும் பெற்றவளும் என்கிறீர்களே, அவளுக்கு அது இரண்டும் எங்கே இருந்தது?

பாறசாலை டவுன்பஸ்
ஒரு திருத்தம். எல்லா இல்லங்களையும் ஒரே மிஷன் நடத்தியது போல மொத்தமாகப் பேசாதீர்கள். அம்மையார் 1895இல் வந்தது இங்கிலாந்து சபையைச் சேர்ந்த, பெண்களிடையே ஊழியம் செய்த செனானா மிஷன் வழியாக. 1925இல் அவர்களோடு உறவு முடிந்தது. அதன்பின் டோனாவூர் ஐக்கியம் தனியாக நின்றது. நெய்யூர் ஆஸ்பத்திரி லண்டன் மிஷனுடையது, 1838இல் தொடங்கியது. வேறு வேறு கடை.

மார்த்தாண்டம் சந்தை
டோனாவூர் எங்கே, நெய்யூர் எங்கே? நடுவில் ஆரல்வாய்மொழி கணவாய் இருக்கிறது. இரண்டையும் எதற்கு முடிச்சுப் போடுகிறீர்கள்?

களக்காட்டான்
நல்ல கேள்வி அண்ணே, நம் பக்கத்திலேயே பலருக்கு இது தெரியாது. முதல் பச்சைக் குழந்தை 1904 மார்ச்சில் வந்தது. சில மாதத்தில் பதினேழு பிள்ளைகள். பச்சைக் குழந்தைகளில் சிலர் பிழைக்கவில்லை. டோனாவூரில் அப்போது டாக்டர் இல்லை. பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடையாது, வேறு பிள்ளைக்குப் பால் கொடுக்க ஊரில் எவளும் முன்வரவில்லை. மாட்டுப்பாலும் டப்பாப் பாலும் எத்தனை வயிற்றுக்கு ஒத்துவரும்? அதனால்தான் கணவாய் தாண்டி, திருவிதாங்கூர் எல்லைக்குள், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே நர்சரி வைத்தார்கள். அதை நடத்தியது வெள்ளைக்காரி இல்லை. பொன்னம்மாள் என்ற நம் ஊர் விதவைப் பெண். பால் அளந்தது, இரவெல்லாம் தூங்காமல் கிடந்தது எல்லாம் அவர். 1915இல் இறந்துபோனார். வரலாறு பேசுகிறவர்கள் அவரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆத்திரம்.

பாறசாலை டவுன்பஸ்
அந்த நர்சரியில் வயிற்றுக்கடுப்பு பரவிக் குழந்தைகள் செத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும் போனார்கள்.

களக்காட்டான்
சொல்கிறேனே, மறைக்கவில்லை. அம்மையாரும் மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். அந்தக் காலத்தில் பெற்ற தாயிடம் இருந்த பிள்ளைகளும்தான் வயிற்றுக்கடுப்பில் போனார்கள்.

தக்கலை வக்கீல்
எல்லாரும் 1911ஐ விட்டுவிட்டீர்கள். முத்தம்மாள் என்ற சிறுமி டோனாவூரில் இருந்தாள். தாய் வழக்குப் போட்டாள். தாயிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. குறித்த நாளுக்குள் சிறுமி மாயம். ஆண் வேஷம் போட்டுக் கடத்தி, கடைசியில் சீனா வரை கொண்டுபோய்விட்டார்கள். ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கையை எழுதியவர்கள் இதைத் தேவ அற்புதமாகக் கொண்டாடுகிறார்கள். நான் பார் கவுன்சிலில் பதிவு செய்தவன். நீதிமன்ற உத்தரவை மீறி ஒரு மைனர் குழந்தையை நாடு கடத்தினால் இன்றைக்கு அதற்கு என்ன பெயர்?

களக்காட்டான்
தாயிடம் போயிருந்தால் அவள் கதி என்ன ஆகியிருக்கும் என்று அம்மையார் பயந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கத் திருவிதாங்கூரில் உத்தரவு வந்தது 1930இல். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல்தான். 1911இல் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா சார்?

தக்கலை வக்கீல்
சட்டம் வருவதற்கு முன்னால் எல்லாரும் சட்டத்தை மீறலாமா? இன்னொன்று. பொட்டுக்கட்டிய பெண்கள் எல்லாரும் பாவப்பட்டவர்கள் என்பதே மிஷனரிகள் எழுதிய கதை. அவர்களுக்குச் சொத்துரிமை இருந்தது, கலை இருந்தது. பொட்டுக்கட்டுவதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மசோதாவுடன் வந்தபோது எதிர்த்தவர்களில், தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். அவர்களுக்கும் வாய் இருந்தது.

மார்த்தாண்டம் சந்தை
நாகரத்தினம்மாளை ஏழு வயதுப் பிள்ளையோடு சேர்த்து வைக்காதீர்கள் வக்கீல் சார். அவர் வளர்ந்து, சம்பாதித்து, தன் வாயால் பேசினார். பிரீனா கையில் சூட்டுக்காயத்தோடு வந்தவள். இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. தவிர, முத்துலட்சுமி அம்மையாரும் சட்டத்தோடு நிற்கவில்லையே, அவ்வை இல்லம் தொடங்கினார். பிள்ளைகளுக்குக் கூரை வேண்டியிருந்தது.

கொல்லங்கோட்டுப் பேத்தி
நீங்கள் எல்லாரும் நான் கேட்டதை விட்டு எங்கேயோ போய்விட்டீர்கள். கூரை வேண்டும், யார் மறுத்தார்? டோனாவூரில் வளர்த்தவளை அக்காள் என்றார்கள், வெளிநாட்டுப் பெண்களைச் சித்தி என்றார்கள், ஆண்களை அண்ணாச்சி என்றார்கள். உறவுச்சொல் எல்லாம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். உறவு மட்டும் இருக்கக்கூடாது. சொந்தக்காரன் தேடி வந்தால் ஆபத்து என்று களக்காட்டான் சொல்வது 1911க்குச் சரி. என் பாட்டிக்கு யாரும் வழக்குப் போடவில்லை. அவர் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் எடுத்த பிறகு ஒருமுறை அந்த இல்லத்துக்குப் போய்க் கேட்டார். "பதிவேட்டைக் கறையான் அரித்துவிட்டது" என்றார்கள். அதை நான் நம்பவில்லை. அவர் நம்பினார், அதுதான் வயிற்றெரிச்சல்.

களக்காட்டான்
அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பச்சைக் குழந்தையைத் திண்ணையில் விட்டுப் போனவர்கள் பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள், அது ஒன்று. ஆனால் யாராவது தூக்கி வந்து கொடுத்திருந்தால் அந்த ஆளின் பெயராவது எழுதியிருப்பார்கள்.

தக்கலை வக்கீல்
இன்றைய விதியில் தத்துப்போன பிள்ளை 18 வயதானதும் தன் வேரைத் தேடி மனுக் கொடுக்கலாம். பெற்றவரே விட்டுக்கொடுத்து, பெயர் வெளியே வர மறுத்தால் சொல்ல மாட்டார்கள். அதுவும் தத்துக்குத்தான். இல்லத்திலேயே வளர்ந்து முடித்தவருக்கு இது உதவாது. நேரடியாகவே சொல்கிறேன், பாட்டி விஷயத்தில் சட்டம் கைகொடுக்காது.

பாறசாலை டவுன்பஸ்
பேத்தி அக்கா, சட்டத்தை விடுங்கள். பாட்டிக்கு ஞானஸ்நானம் எந்தச் சபையில்? இல்லத்துப் பதிவேடு போனாலும் சபைப் பதிவேடு தனி. எங்கள் பக்கம் பழைய சபைகளில் நூறு வருஷத்துப் பதிவேடு இன்னும் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. லண்டன் மிஷன் இல்லமாக இருந்தால் மிஷனரிகள் தங்கள் நாட்டுக்கு அனுப்பிய கடிதங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் கிடைக்கும்.

கொல்லங்கோட்டுப் பேத்தி
லண்டன் மிஷன்தான். சபை எது என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். பாட்டி ஒரு பைபிள் வைத்திருந்தார், முதல் பக்கத்தில் யாரோ பேனாவில் இரண்டு எழுத்து எழுதியிருக்கும்.

பாறசாலை டவுன்பஸ்
அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். முதலில் அதை.