டின் பானத்தின் வாய்ப்பகுதி: ஐஸ் பெட்டித் தண்ணீரை என்ன செய்வது?

வணக்கம். அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் நடக்கும் தீபாவளி ஒன்றுகூடலுக்கு 320 மில்லி டின் பானம் 20 பெட்டி, மொத்தம் 480 டின் வைக்கிறோம். ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது, உதவுங்கள்.

இப்போதைய மூடியில் வாய்த்தகடு உள்பக்கமாக மடங்கிப் பானத்துக்குள்ளேயே முங்கும். மேலே ஒட்டியிருக்கும் அழுக்கும் கூடவே போகும். ஸ்ட்ரா போட்டாலும் தப்பாது. விளிம்பை ஒட்டிய பள்ளம்தான் மோசமான இடம். உலர்ந்த துணியால் துடைத்தால் நடுவில் கிடக்கும் தூசி அங்கே போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆகவே குழாயைத் திறந்துவிட்டு, விரலால் பள்ளத்தைச் சுற்றித் தேய்த்து, இழுப்பு வளையத்துக்கு அடியிலும் தண்ணீர் பாயவிட்டு, கவிழ்த்து உதறி, புது டிஷ்யூவால் ஒற்றி எடுப்போம். பிளீச் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும்.

இதுவரை சரி. ஐஸ் உருகியதும் எல்லா டின்னும் ஒரே தண்ணீரில் ஊறும். (சர்க்கரை இல்லாதது மிதக்கும், மற்றது அடியில் போகும், பிள்ளைகள் முழங்கைவரை விட்டுத் துழாவுவார்கள்.) கழுவிய பள்ளத்தில் அந்தத் தண்ணீரே மறுபடி நிற்கும். குளிர் கிருமியைக் கொல்லாது.

கேட்பது இதுதான்: அடியில் வடிகுழாய் உள்ள பெரிய ஐஸ் பெட்டி நான்கு இரவல் கிடைக்குமா? ஐஸைப் பை பிரிக்காமல் இடையிடையே வைத்தவர்கள், டின் குளிர எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்லுங்கள். சுமார் 54 மில்லிமீட்டர் விட்ட மூடிக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் மேல்மூடி சிங்கப்பூர் தேக்கா பக்கம் மொத்தமாக எங்கே விற்கிறது?