காசு கொடுத்து வாங்கிய பாடல்கள் திறக்க மறுக்கின்றன, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையக் கடையில் அப்பா வாங்கிய கர்நாடக இசைக் கச்சேரிகள் எங்களிடம் இருக்கின்றன. எல்லாம் பூட்டுப் போட்ட டபிள்யூஎம்ஏ (மைக்ரோசாஃப்டின் ஒலி வடிவம்) கோப்புகள். பழைய கணினியில் இன்றும் ஒலிக்கின்றன. புதியதில் நகலெடுத்துத் திறந்தால், ஆலாபனைக்குப் பதில் உரிமம் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ‘சரி’ என்று அழுத்தினால், இல்லாத சர்வரைச் சற்று நேரம் தேடிவிட்டு மறுபடியும் அதே பெட்டி. கடையை என்றோ மூடிவிட்டார்கள். ரசீது மட்டும் பத்திரமாக இருக்கிறது!

பழைய ஹார்ட் டிஸ்க் முனகத் தொடங்கிவிட்டது. அதனால்தான் அவசரம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத நோக்கத்துக்கு அது பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் உடைக்க உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டுமாம். விலை கொடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு இத்தனை கெடுபிடி!

டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து அதே கணினியில் மாட்டினால் உரிமம் கூடவே வருமா? ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இழுத்து அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தால், தம்புரா சுருதி கெடாமல் கிடைக்குமா? அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் ‘சொந்த உபயோகம்’ என்ற விலக்கு இதற்குப் பொருந்துமா என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டோரண்ட் யோசனை மட்டும் வேண்டாம். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.