கோல்ஃப்: கிரீன் ஓரத்துல 60 டிகிரி வெட்ஜ் நமக்கு எதுக்கு?

எட்டாம்நம்பர்:
ஹேண்டிகேப் 15-க்கு மேல இருக்கிறவங்க, அதாவது நம்மள மாதிரி சுமாரா ஆடுறவங்க, கிரீன் (குழி இருக்கிற வழுவழு புல்தரை) ஓரத்துல 60 டிகிரி வெட்ஜ் (பந்தை உயரத் தூக்குற, முகம் நல்லா சாய்ஞ்ச கிளப்) எடுத்தா அபராதம் போடணும். சும்மா சொல்லல. போன சனிக்கிழமை எங்க ஆட்டம் இப்படி: பந்து கிரீனுக்கு ரெண்டடி வெளியே. நடுவுல பங்கர் (மணல் பள்ளம்) இல்ல, மேடு இல்ல. குழியில நட்ட கொடி பதினைஞ்சு யார்டு. நண்பர் என்ன பண்ணார்? டிவியில பார்த்த மாதிரி கிளப் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வெச்சு வானத்துக்கு ஒண்ணு வீசினார். முதல் தடவை வெறும் மண்ணு. ரெண்டாவது தடவை பந்தோட நடுவயித்துல பட்டு கிரீனைத் தாண்டி அந்தப் பக்கப் பங்கர்.

இதுக்கு 8 அயர்ன் (வெட்ஜை விட முகச் சாய்வு கம்மியான கிளப்) போதும். காலை நெருக்கி வெச்சு, பந்தை வலது கால் பக்கம் வெச்சு, எடையை இடது கால்ல போட்டு, மணிக்கட்டைப் பூட்டிட்டு புட் பண்ற (கிரீன்ல பந்தை உருட்டுற) மாதிரியே ஒரு தட்டு. கிரீனுக்குள்ள ரெண்டு யார்டு தள்ளி விழுந்து மிச்சத்தை உருண்டு போயிடும். எந்தக் கிளப்புன்னு குழப்பமா? 12 கணக்கு இருக்கு. பறக்கிற தூரத்தைப் போல எத்தனை மடங்கு உருளணுமோ, அதை 12-ல கழிங்க. நாலு மடங்குன்னா 8 அயர்ன், மூணுன்னா 9, ரெண்டுன்னா பிட்சிங் வெட்ஜ் (அதை 10-னு வெச்சுக்கணும்). இது நடுத்தர வேகத்துல இருக்கிற சமமான கிரீனுக்கு. ஏத்தம்னா ஒரு நம்பர் குறைங்க, இறக்கம்னா ஒண்ணு கூட்டுங்க.

பால் ரன்யன்னு ஒருத்தர் இருந்தார். சின்ன உருவம், தூரம் அடிக்க வராது. 1938 பிஜிஏ சாம்பியன்ஷிப் ஃபைனல்ல சாம் ஸ்னீட் டிரைவ்ல (ஹோலோட முதல் நீள அடி) அவரை எங்கேயோ பின்னாடி விட்டுட்டே போனார். கடைசியில 8-க்கு 7-னு (ஏழு ஹோல் மிச்சம் இருக்கும்போதே எட்டு ஹோல் முன்னிலை) ஜெயிச்சது ரன்யன். மணிக்கட்டு மடங்காத இந்த சிப்பைத்தான் (கிரீன் ஓரத்துல இருந்து தட்டுற குட்டை அடி) அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

மணல்புலி:
எட்டாம்நம்பர் சார், வசதியான ஒரு இடத்தை எடுத்துக்கிட்டு தீர்ப்பு எழுதிட்டீங்க. கொடி கிரீன் விளிம்புல இருந்து மூணு யார்டுல இருக்கு, நடுவுல பங்கர் வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. அங்க உங்க 8 அயர்ன் என்ன பண்ணும்? பங்கர்ல விழும், இல்ல அந்தக் கோடிக்கு ஓடும்.

உங்க நண்பர் மண்ணை வெட்டினது 60 டிகிரியால இல்ல. கையை முன்னாடி தள்ளினதால. வெட்ஜோட அடிப்பாகம் முன்விளிம்பை விடத் தாழ்வா இருக்கும், அந்தக் கோணத்துக்குப் பேர்தான் பவுன்ஸ். உங்க வெட்ஜ்ல 10 டிகிரி பவுன்ஸ் இருக்கு, அடிக்கிற நேரத்துல தண்டு 10 டிகிரி முன்னாடி சாய்ஞ்சிருக்குன்னா மிச்சம் பூஜ்யம். முன்விளிம்பு நேரா மண்ணுக்குள்ள போகும். "கையை முன்னாடி வை, பந்தைப் பின்னாடி வை"ன்னு எல்லா கிளப்லயும் ஓதுறாங்களே, அந்த உபதேசம்தான் வியாதி. தண்டை நேரா வெச்சு, பந்தை நடுவுல வெச்சு, மார்பைத் திருப்பி ஆடிப் பாருங்க. பந்துக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடியே பட்டாலும் அடிப்பாகம் வழுக்கிட்டுப் போய் பந்தை எடுத்துடும்.

இது நேத்து வந்த ஃபேஷனும் இல்ல. பழைய சாம்பியன் ஜீன் சாரசென் தன் கிளப்போட அடியில உலோகம் பற்றவெச்சு தடிப்பாக்கி, 1932-ல இங்கிலாந்துல சாண்ட்விச் ஊர் பக்கத்து பிரின்சஸ் மைதானத்துல பிரிட்டிஷ் ஓபன் ஜெயிச்சாரே, அதே தத்துவம்தான்.

கணக்கப்பிள்ளை:
இருவரும் மூன்றில் ஒரு பங்குக்காகச் சண்டை போடுகிறீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைத் தொடர்) ஆட்டங்களின் ஒவ்வொரு அடியையும் எடுத்துக் கணக்குப் போட்டார். சிறந்த ஆட்டக்காரருக்கும் சராசரி ஆட்டக்காரருக்கும் இடையிலான ஸ்கோர் வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் வருகிறது. சிப், பங்கர், புட் எல்லாம் சேர்ந்துதான் மீதி. நம் போன்றவர்களுக்கும் விகிதம் ஏறக்குறைய இதுவே. "டிரைவ் வேடிக்கைக்கு, புட் காசுக்கு" என்று கேடிகள் (ஆட்டக்காரரின் பை தூக்குபவர்கள்) சொல்வதை நம்பி, தூர அடிக்கான 7 அயர்னைப் பயிற்சியில் தொடாமலே இருக்கிறோம்.

இன்னொன்று. கிரீன் ஓரப் பங்கரிலிருந்து இரண்டே ஸ்ட்ரோக்கில் முடிப்பது டூர் ஆட்டக்காரர்களுக்கே சுமார் பாதித் தடவைதான் நடக்கிறது. எட்டு அடி தூரத்துப் புட்டும் அவர்களுக்குப் பாதிதான் விழும். டிவி நல்லதை மட்டும் வெட்டிக் காட்டுகிறது.

எட்டாம்நம்பர்:
கணக்கப்பிள்ளை ஐயா, பிராடி கணக்கு சரி. ஆனா அது வித்தியாசம் எங்க இருக்குன்னு சொல்லுது. 52 வயசுல, முதுகுவலியோட, வாரம் ஒரு நாள் ஆடுறவனுக்கு எதை மாத்த முடியும்னு சொல்லல. என் 7 அயர்ன் இனி 20 யார்டு கூடப் போகப் போறதில்ல. சாயங்காலம் அரை மணி நேரம் சிப் பண்ணா மண்ணு வெட்டுறது நிக்கும்.

மணல்புலிக்கு: நீங்க சொல்ற மூணு யார்டு கொடிக்கு நான் கொடியைப் பார்த்து ஆடவே மாட்டேன். நடுக் கிரீனுக்குப் போட்டு ரெண்டு புட். போகி (ஹோலுக்கு வெச்ச கணக்குக்கு ஒரு ஸ்ட்ரோக் கூட). மார்ட்டின் கைமர் 2014 யூ.எஸ். ஓபன்ல பைன்ஹர்ஸ்ட் மைதானத்துல என்ன பண்ணார்? கிரீனுக்கு வெளியேயும் திரும்பத் திரும்ப புட்டர்தான். எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்துல ஜெயிச்சார். உலகத் தரத்துல இருக்கிறவனே வெட்ஜை விட்டுட்டு புட்டர் எடுக்கிறான், நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

மணல்புலி:
பைன்ஹர்ஸ்டை இழுக்காதீங்க. அங்க கிரீனைச் சுத்தி மொட்டையா வெட்டி வெச்சிருப்பாங்க, புட்டர் ஓடும். சென்னையில ஐப்பசி மழைக்கு அப்புறம் பெர்முடா புல் தழைச்சு நம்மைப் பார்த்து சாய்ஞ்சு நிக்கும்போது புட்டர் எடுத்துப் பாருங்க, பந்து பாதியில உக்காந்துடும். அதே புல்லுல கையை முன்னாடி தள்ளி 8 அயர்னை இறக்கினா முன்விளிம்பு மாட்டிக்கும். அங்க பவுன்ஸ் தெரிஞ்சவன்தான் தப்பிப்பான். போகிக்குத் திருப்திப்படறது உங்க இஷ்டம். அதை எல்லாருக்கும் சட்டமாக்காதீங்க.

அல்லி:
நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். எனக்கு சிப் பிரச்சினை இல்ல, பங்கர்தான். முகத்தை நல்லா திறந்து, பந்துக்குப் பின்னாடி மணல்ல அடின்னு கோச் சொன்னார். அடிச்சா மணல் மட்டும் வெளிய போகுது, பந்து அதே இடத்துல. மழை பெய்ஞ்ச அன்னைக்கு நேர் எதிர், கிளப் எகிறிப் பந்தோட மண்டையில படுது. ஒரே ஸ்விங், ரெண்டு விதமா தப்பு. எங்க கிளப்ல லேடீஸ் பாதி பேருக்கு இதே கதைதான்.

பழையகேடி:
அல்லி மேடம், நான் ரொம்ப வருஷம் பை தூக்கினவன், இப்போ பயிற்சி ரேஞ்ச்ல பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன். உங்க கோச் சொன்னது ஆம்பளைங்க வேகத்துக்கு. வேகம் கம்மியா இருக்கிறவங்க 60 டிகிரியை எடுத்து அதை மேலும் திறந்தா பந்து மேலதான் போகும், முன்னாடி போகாது. 56 எடுங்க, அடிப்பாகம் அகலமான கிளப்பா இருக்கட்டும். கொஞ்சமா திறங்க. முதல்ல முகத்தைத் திறந்துட்டு அப்புறம் கிரிப் பிடிங்க. பிடிச்சுட்டு கையைத் திருப்பினா அடிக்கும்போது மூடிக்கும். பத்து யார்டு தூரத்துக்கும் முக்கால் ஸ்விங் வேணும், மணல் பாதி வேகத்தைத் தின்னுடும். மேடம்ங்க நிறைய பேர் மணல்ல பட்டதும் நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க, கை இடது தோள் வரைக்கும் போய் முடியட்டும்.

காய்ஞ்ச மணல்ல கிளப் எப்படிப் போகணும்னா, ஓட்டாஞ்சில்லைக் குளத்துல சாய்ச்சு விட்டா தத்திக்கிட்டுப் போகுமே, அப்படி. உள்ள இறங்கக் கூடாது. மழை பெய்ஞ்ச மணல் கெட்டி. அதுல திறந்து வெச்சா அடிப்பாகம் மணல்ல மோதி எகிறும், அதான் பந்து மண்டையில படுது. அந்த நாள்ல முகம் நேரா இருக்கட்டும், பவுன்ஸ் கம்மியான வெட்ஜ் இருந்தா அது. பந்துக்கு ஒரு இஞ்ச் பின்னாடி பட்டாப் போதும். பங்கரோட உதடு (விளிம்பு) தாழ்வா இருந்தா புட்டராலகூட வெளிய வரலாம், யாரும் சிரிச்சா சிரிக்கட்டும்.

பந்து பாதி புதைஞ்சு, பொரிச்ச முட்டை கணக்கா இருந்தா? முகத்தை நேரா, இல்ல லேசா மூடி வெச்சு செங்குத்தா இறக்குங்க. தோண்டணும்னுதானே ஆசைப்படுறோம் அப்போ. சுழற்சி இல்லாம வெளிய வந்து ஓடும், அதுக்கு இடம் பார்த்துக்கணும்.

பயிற்சி ஒண்ணே ஒண்ணு. பயிற்சிப் பங்கர்ல மணல்ல ஒரு கோடு போடுங்க. பந்து வேணாம். கோட்டுல இருந்து மணல் கிளம்புதான்னு பாருங்க. அநேகம் பேருக்கு அரை அடி பின்னாடியே கிளம்பும். அது சரியானப்புறம் பந்தைக் கோட்டுக்கு ரெண்டு இஞ்ச் முன்னாடி வைங்க. போட்டியில இப்படி கோடு போட்டுடாதீங்க, பந்துக்குப் பின்னாடி மணலைத் தொட்டா பெனால்டி.

கணக்கப்பிள்ளை:
அல்லி அவர்களுக்கு விதியும் ஒரு வழி வைத்திருக்கிறது. 2019 முதல், பங்கரில் ஆட முடியாது என்று அறிவித்து, இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக் ஏற்றுக்கொண்டு, கொடிக்கும் பந்துக்குமான நேர்கோட்டில் பங்கருக்குப் பின்னால் வெளியே டிராப் செய்யலாம். உதடு உயரமான பங்கரில் வழக்கமாக மூன்று, நான்கு ஸ்ட்ரோக் ஆகிறதென்றால், இரண்டு கொடுப்பது மலிவு. நம் கிளப்களில் பலருக்கு இந்த விதியே தெரியாது.

மணல்புலி:
கோல்ஃப் ஆட வந்தவங்க காசு கட்டி ஓடிப் போற வழியா இது! பங்கர்ல தைரியம் இல்லன்னா எதுக்கு அந்த வெட்ஜ்? 2024 யூ.எஸ். ஓபன், அதே பைன்ஹர்ஸ்ட், கடைசி ஹோல். பிரைசன் டிஷாம்போ 55 யார்டு தூரத்துப் பங்கர்ல இருந்து குழிக்கு நாலடிக்குள்ள போட்டு ரோரி மெக்கில்ராயைத் தள்ளி ஜெயிச்சார். அவரும் பின்னாடி போய் டிராப் பண்ணியிருக்கணுமோ?

கணக்கப்பிள்ளை:
டிஷாம்போவின் இடத்தில் டிஷாம்போ இருந்தார். 2003 பிரிட்டிஷ் ஓபனில் ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானத்தின் 16-வது ஹோல் பங்கரில் தாமஸ் பியோர்ன் இருந்தார். பந்து இரண்டு முறை திரும்பி உருண்டு வந்து, மூன்றாவதில்தான் வெளியேறியது. பென் கர்டிஸ் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். தைரியம் பியோர்னுக்கும் குறைவில்லை.

எட்டாம்நம்பர்:
சபாஷ் ஐயா. இதையும் சேர்த்துக்கோங்க: 2015 ஃபீனிக்ஸ் ஓபன் ரெண்டாவது ரவுண்ட்ல டைகர் உட்ஸ் 82 அடிச்சார், அவருக்கு அது படுமோசம். சாதாரண சிப்பே வரல. சில இடத்துல வெட்ஜை விட்டுட்டு நீள அயர்ன்ல உருட்டினார். 2005 மாஸ்டர்ஸ் 16-வது ஹோல்ல அந்த அதிசய சிப் போட்டவரே!

பழையகேடி:
தம்பி, டைகருக்கு வந்தது வேற, கை உதறல். அதுக்கு கிளப் மாத்தினா கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். மேட் ஃபிட்ஸ்பாட்ரிக் இடது கையைக் கீழ வெச்சுப் பிடிச்சு சிப் பண்றாரு, 2022 யூ.எஸ். ஓபனே ஜெயிச்சாரு. உதறல் இருக்கிறவங்க அந்தப் பிடியை முயற்சி பண்ணலாம், வலது மணிக்கட்டு சும்மா இருக்கும். அதை வெச்சு வெட்ஜே ஆகாதுன்னு சொல்லாதீங்க. மணல்புலி சாருக்கும் ஒண்ணு: தண்டை நேரா வெச்சு மார்பைத் திருப்புன்னு சொல்லிட்டீங்க. எடை பின்னங்கால்ல தங்கிடுச்சுன்னா அதுவும் மண்ணுதான். அதைச் சொல்லாம விட்டா அரைப் பாடம்.

மணல்புலி:
எடை முன்னாடின்னு சொல்லணுமா என்ன, அது அரிச்சுவடி.

பழையகேடி:
அரிச்சுவடியிலதான் சார் எல்லாரும் தப்பு பண்றாங்க.

அல்லி:
கேடி அண்ணா, நன்றி. 56-ல பவுன்ஸ் எவ்வளவு வாங்கணும்? கடையில 8, 10, 14-னு அடுக்கி வெச்சிருக்காங்க.

பழையகேடி:
கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க ஆடுற கிளப் பங்கர்ல கால் வெச்சுப் பாருங்க மேடம். ஷூ புதையுதுன்னா 14. தரை மாதிரி கெட்டியா இருந்தா 10. ரெண்டும் மாறி மாறின்னா 12 கேளுங்க, இருக்கும். 60 வாங்கச் சொல்லி கடைக்காரர் மல்லுக்கு நிப்பாரு, வேணாம்னுடுங்க.

எட்டாம்நம்பர்:
அண்ணே, இதைத்தானே நான் முதல் வரியில சொன்னேன்!

மணல்புலி:
அவர் சொன்னது மேடத்துக்கு. உங்களுக்கு இல்ல.