ஜகாத் பணத்தில் ஒரு பையனை மீட்கலாமா?

அஸ்ஸலாமு அலைக்கும். யாங்கோன் ஜமாஅத்தாரில் ஆலிம்கள், வக்கீல்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடிப் பக்கம் போன எங்கள் தெருப் பையனை அடைத்து வைத்து, அடித்து, ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிறார்கள். 'கடனை' அடைத்தால்தான் விடுவார்களாம். எந்தக் கடன் என்று கேட்காதீர்கள். வீட்டார் ஜமாஅத்திடம் ஜகாத் (கடமையான தர்மம்) பணம் கேட்கிறார்கள்.

குர்ஆன் 9:60 ஜகாத் கொடுக்கக்கூடிய எட்டு இனங்களில் அடிமை விடுதலையையும் சேர்க்கிறது. ஆனால் ஷாஃபி, ஹனஃபி மத்ஹப் (சட்டப் பள்ளி) நூல்கள் அதை, தன் விடுதலைக்கு எஜமானிடம் விலை பேசி எழுதிக்கொண்ட அடிமைக்கு என்கின்றன. ஹன்பலி மத்ஹபில் சிறைபட்ட முஸ்லிமை மீட்கவும் கொடுக்கலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் ஃபத்வா கொடுக்க நான் யார்? இன்றைய ஆலிம்களின் தீர்ப்பு தமிழில் இருந்தால் அனுப்புங்கள்.

அப்புறம் சட்டம். பர்மா 1955இல் ஏற்ற ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 29ஆம் உடன்படிக்கைப்படி, தண்டனைக்குப் பயந்து விருப்பமில்லாமல் செய்யும் வேலை கட்டாய உழைப்பு. 'தானாகத்தானே போனான்' என்பவர்களுக்கு: ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு ஆள்கடத்தல் நெறிமுறை கணக்கிலேயே எடுப்பதில்லை. புகாரை எங்கே, யார் மூலம் கொடுப்பது?

பணம் கட்டியவர்கள் இருந்தால், பிள்ளையை உண்மையில் விட்டார்களா, வேறு கும்பலுக்கு விற்றார்களா? இன்பாக்ஸில் சொல்லுங்கள். பையன் பெயரை இங்கே கேட்க வேண்டாம்.