அரிசி வாங்கப் போன சித்தார்த்தன்

ஹெர்மன் ஹெஸ்ஸே ஜெர்மன் மொழியில் எழுதி 1922இல் வெளிவந்த ‘சித்தார்த்தா’ நாவலை, புத்தரின் வாழ்க்கை வரலாறு என்று எண்ணிக்கொண்டுதான், திருலோக சீதாராமின் தமிழாக்கத்தில் முதன்முதலாக வாசிக்கத் தொடங்கினேன். கதாநாயகனும் புத்தரும் வேறுவேறு ஆட்கள் என்பதும், ஜேதவனத்தில் கௌதமரை நேரில் கண்டு அவருடைய அமைதியில் மனத்தைப் பறிகொடுத்த பிறகும் அவன் சங்கத்தில் சேராமல் விலகிச் செல்கிறான் என்பதும் தெரிந்தபோது திகைத்துப்போனேன். ஞானம் பெற்ற வேளையில் கௌதமருக்கு நேர்ந்ததை எந்த உபதேசமும் பிறருக்குத் தந்துவிடாது என்று அவரிடமே சொல்ல அவனுக்குத் துணிச்சல் இருக்கிறது.

இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆற்றங்கரையையும் படகோட்டி வாசுதேவனையும் பற்றியே பேசுவார்கள். அரிசி மண்டி ஒன்றுக்காக ஊர் ஊராகச் சென்று நெல் பிடித்த எனக்கோ, வணிகன் காமசுவாமியிடம் சித்தார்த்தன் வேலை பார்க்கும் பகுதிதான் மனத்தில் தைத்தது. விளைச்சலை வாங்குவதற்காக ஒரு கிராமத்துக்குப் போகிறவன், அது முன்பே வேறொரு வியாபாரிக்கு விற்றுப்போனதை அறிந்தும் உடனே திரும்பாமல், சில நாள் அங்கேயே தங்கி, குடியானவர்களோடு விருந்துண்டு, குழந்தைகளுக்குக் காசு கொடுத்து, ஒரு திருமணத்திலும் கலந்துகொண்டு மகிழ்ச்சியாக வருகிறான். முதலாளி கடிந்துகொள்ளும்போது, கோபத்தோடு ஓடிவந்திருந்தால் மட்டும் தானியம் கிடைத்திருக்குமா, மறுமுறை போனால் அந்த மக்கள் தன்னை அன்போடு வரவேற்பார்கள் அல்லவா என்று கேட்கிறான்.

எனக்கும் ஒரு தை மாதத்தில் அப்படி நேர்ந்தது. பேசி வைத்திருந்த நெல் முதல் நாள் மாலையே கைமாறியிருந்தது. அந்த விவசாயி நீட்டிய மோர்ச் செம்பைக்கூட வாங்காமல், வழியெல்லாம் லாரி ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

ஆனாலும் அந்த இடத்துச் சித்தார்த்தனை நான் உயர்த்திப் பேசமாட்டேன். வியாபாரத்தை விளையாட்டாகப் பார்க்கும் அவனுக்குச் சாதாரண மனிதர்கள்மீது உள்ளூர ஓர் இளக்காரம் இருக்கிறது. பிறகு, மூட்டையில் ஈரம் ஏறுவதுபோல, அவனுக்கே தெரியாமல் பண ஆசை ஏறுகிறது. சூதாடுகிறான், கடனாளிகளிடம் கடுமை காட்டுகிறான், பிச்சைக்காரனுக்கு இரங்க மறக்கிறான். நாவலில் எனக்கு மிக உண்மையாகப் பட்ட பக்கங்கள் இவையே. (ஞானத்தைச் சொல்லால் தர இயலாது என்பவன் கடைசியில் பால்ய நண்பன் கோவிந்தனிடம் அத்தனை நேரம் பேசுவது எனக்கு இன்னும் ஒட்டவில்லை.) துறவியின் தவிப்பை எழுதி முடித்த ஹெஸ்ஸே, வென்றவனை எழுத முடியாமல் ஓராண்டுக்கு மேல் எழுத்தை நிறுத்திவைத்திருந்தார் என்று பின்னாளில் அறிந்தபோது அந்த வேறுபாட்டின் காரணம் விளங்கியது.

மகன் அவனை வெறுத்து ஓடிப்போன பின், பிள்ளைகளோடு படகேறும் எளிய மனிதர்களைப் பார்த்துச் சித்தார்த்தன் பொறாமைப்படுகிறானே, அங்கேதான் அவனுடைய பழைய இளக்காரம் கரைகிறது.

அடுத்த அறுவடைக்கு நான் அதே ஊருக்குப் போனேன். நெல்லும் கிடைத்தது, எடையும் சரியாக இருந்தது. மோர் குடிக்கிறீர்களா என்று மட்டும் அந்த விவசாயி கேட்கவில்லை.