மச்சினன் 153, நான் 127: யார் பலசாலி, எப்படி ஒப்பிடுவது?

நூல்கணக்கு:

குடியாத்தத்தில் ஒரு லுங்கிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. பகல் முழுக்க நாற்காலி, ஆறரைக்கு மேல் ஜிம். மூன்று வருடம் முன்பு முதுகு வலிக்காகப் போனவன், ஓரத்தில் இரண்டு பேர் ஸ்னாட்ச் (பளுவைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) பழகுவதைப் பார்த்து அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

ஒரு வருடமாக மனைவியின் தம்பியும் வருகிறான். வயது 33, எடை 94 கிலோ, கபடி ஆடிய உடம்பு. நான் 62. போன ஞாயிறு போட்டி மாதிரியே ஆளுக்கு மூன்று மூன்று முயற்சி வைத்துத் தூக்கினோம். எனக்கு ஸ்னாட்ச் 55, கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 72, மொத்தம் 127. அவனுக்கு 68, 85, மொத்தம் 153. மதியம் பிரியாணி பரிமாறும்போது, "26 கிலோ பின்னாடி இருக்கீங்க மாமா, உங்களுக்கு எதுக்கு லெக் பீஸ்?" என்றான். மாமியார் வேறு சிரித்தார்.

ராத்திரி உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். நான் என் எடையைப் போல் 2.05 மடங்கு தூக்கியிருக்கிறேன், அவன் 1.63 தான். காலையில் சொன்னால், "எறும்புகூடத்தான் அதோட எடையைப் போல பல மடங்கு தூக்குது, அதை ஒலிம்பிக்குக்கா அனுப்பறாங்க?" என்கிறான். பதில் சொல்ல முடியவில்லை. இதற்கு முறையான கணக்கு ஏதாவது இருக்கிறதா?

பழைய ஜெர்க்:

எறும்பு விஷயத்தில் உங்கள் மச்சினன் சொல்வதுதான் சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எடையால் வகுத்தால் பெரும்பாலும் ஒல்லியானவர்தான் ஜெயிப்பார். 2021 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே 225, 267 என மொத்தம் 492 கிலோ தூக்கினார். அவர் எடை 170-க்கு மேல், ஆகவே மூன்று மடங்குகூட வராது. நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் 149, 179 என 328 தூக்கித் தங்கம் வாங்கினார். அது நாலே கால் மடங்கு. சதீஷ் எங்கள் ஊர்ப் பெருமை, ஆனால் அதை வைத்து லாஷாவைச் சோப்ளாங்கி என்றால் நானே சண்டைக்கு வருவேன்.

காரணம் எளிது. தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, உடம்பின் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஆள் பெருக்கப் பெருக்க எடை கூடுகிற வேகத்தில் பலம் கூடாது.

பளு தூக்குதலில் இதற்குச் சின்க்ளேர் கணக்கு என்று உண்டு. அவரவர் உடல் எடைக்கு ஒரு பெருக்கல் எண், அதை மொத்தத்தோடு பெருக்க வேண்டும். 2017–20 அட்டவணையில் 175.508 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு எண் 1. கீழே இறங்க இறங்க எண் கூடும். உங்கள் 62-க்கு 1.424, அவருடைய 94-க்கு 1.136.

நீங்கள்: 180.9
மச்சினன்: 173.8

லெக் பீஸ் உங்களுக்குத்தான். (சதீஷின் 328 இதே கணக்கில் 409 வரும். ரொம்பத் துள்ள வேண்டாம்.) ஒலிம்பிக் சுற்றுக்கு ஒரு முறை உலகச் சாதனைகளைப் பார்த்து அட்டவணையை மாற்றுவார்கள், அதனால் இருவருக்கும் ஒரே வருட அட்டவணையைப் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் ஸ்னாட்ச், ஜெர்க்கில் 76 சதவீதம்தான் இருக்கிறது. அவருக்குச் சரியாக 80. சதீஷுக்கு அந்த நாளில் 83. நாற்காலி உத்தியோகம், தோள் இறுகியிருக்கும். தினமும் வெறும் ராடைத் தலைக்கு மேல் அகலப் பிடித்து உட்கார்ந்து எழுங்கள். இரண்டு, மூன்று கிலோ அங்கேயே கிடக்கிறது.

சுண்ணாம்புக்கை:

இதெல்லாம் எதுக்குங்க, பெஞ்ச் எவ்வளவு போடறீங்க ரெண்டு பேரும்? அதுல தெரிஞ்சிடும்.

பழைய ஜெர்க்:

தம்பி, பெஞ்ச் வேறு விளையாட்டு. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் பவர்லிஃப்டிங், அதற்கு ஜி.எல். புள்ளி என்று தனிக் கணக்கு இருக்கிறது. சின்க்ளேரை அங்கே போட்டால் வருவது வெறும் எண்.

பதினைந்து கிலோ ராடு:

அண்ணா, கணக்குக்கு முன்னால் ஒரு கேள்வி. ராடை எடை போட்டுப் பார்த்தீர்களா?

நான் முதலில் பழகிய ஜிம்மில் ஒரு ராடு இருந்தது. எல்லோரும் 20 என்பார்கள், நானும் இருபது என்றே கூட்டி நோட்டில் எழுதி வந்தேன். முதல் மாவட்டப் போட்டியில் பெண்களுக்கான நிஜ 15 கிலோ ராடைக் கையில் எடுத்தபோதுதான் சந்தேகம் வந்தது, இரண்டும் ஒரே கனம். ஆறு மாத நோட்டில் ஒவ்வொரு வரியிலும் ஐந்து கிலோ அடித்து எழுதினேன். அன்று அழுதேன், இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

பிளேட்டும் அப்படித்தான். மேலே அச்சடித்த எண் ஒன்று, இரும்பு வேறொன்று. உங்கள் எடையையும் ஜிம் மெஷினை நம்பி எழுதாதீர்கள். போட்டியில் தூக்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடை எடுக்கத் தொடங்குவார்கள். அந்த எடைதான் கணக்கு, போன மாத எடை இல்லை.

வயதையும் யாரும் சொல்லவில்லையே? வயதில் மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் போட்டியில் ஐந்தைந்து வயதாகப் பிரித்துத்தான் நடத்துகிறார்கள். சின்க்ளேருக்கு மேல் வயதுக்கு என்று இன்னொரு பெருக்கல் எண்ணும் உண்டு. 41-க்கும் 33-க்கும் அதையும் போட்டால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏறும்.

பழைய ஜெர்க்:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. ஜெர்க் வீடியோ இருந்தால் அதையும் பாருங்கள். பளு தலைக்கு மேல் போய் நிற்கும்போது முழங்கை மடங்கியிருந்து, அப்புறம் தள்ளி நிமிர்த்தினால் போட்டியில் சிவப்பு விளக்கு, அந்தத் தூக்கல் செல்லாது. ஜிம்மில் கைதட்டுவார்கள்.

இளவட்டக்கல் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஊருக்கு ஒரே கல், தூக்கினால் தூக்கினான். கல் எத்தனை கிலோ, மாப்பிள்ளை எத்தனை கிலோ என்று யார் கேட்டார்கள்!

நூல்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை ஜிம் மாஸ்டரிடம் கேட்டு ராடை எங்கள் நூல் குடோனுக்குத் தூக்கிப் போனோம். அங்கே நூல் மூட்டை போடுகிற, முத்திரை வைத்த எடை மெஷின் இருக்கிறது. நாங்கள் 20 என்று கூட்டிய ராடு 17 கிலோ 600 கிராம். பிளேட்கள் ஐம்பது, நூறு கிராம் முன்னே பின்னே, அது போகட்டும். அதே மெஷினில் நாங்களும் ஏறினோம். மச்சினன் அதே 94. நான் 62 இல்லை, 64. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஆளுக்கு ஒரு தூக்கலில் 2.4, மொத்தத்தில் 4.8 கிலோ போச்சு. நான் 122.2, அவன் 148.2. என் பெருக்கல் எண் 64-க்கு 1.394 ஆகிவிட்டது. புள்ளி எனக்கு 170.4, அவனுக்கு 168.3. சரி, இரண்டு புள்ளி முன்னால்தானே என்று அங்கேயே அவனிடம் சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டான். வயதுக் கணக்கு எனக்கு வேண்டாம் தங்கச்சி, அதைப் போட்டால் அவன் 'கிழவன் சலுகை' என்று பெயர் வைப்பான்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தேன். அவன் 85 சுத்தம். என் 72-இல் இடது முழங்கை மடங்கி, அப்புறம்தான் நிமிர்கிறது. நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன், மடங்கத்தான் செய்கிறது. அதற்கு முந்தைய முயற்சி 70, அது ஒழுங்காக இருக்கிறது. அப்படியானால் மொத்தம் 120.2. புள்ளி 167.6. முக்கால் புள்ளிகூட இல்லை, 0.7-இல் தோற்றிருக்கிறேன்.

பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் ராத்திரி தூக்கம் வராத ஆள் நான். சொல்லித்தான் ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் சொல்கிறேன். அந்த வீடியோவை எடுத்தது என் மகள். அதுவரை தாய்மாமனிடம் அவள் வாயைத் திறக்காமல் இருக்க இதுவரை இரண்டு ஐஸ்கிரீம் ஆகியிருக்கிறது.